முப்பது வாளிக் கலகம்

மலேசியாவில் பிறந்த தமிழர்களுக்கு எந்த மொழியும் வரும். ‘தெரியாது’ என்கிற ஒரு சொல்தான் எந்த மொழியிலும் வராது. பாசாரில் மீன் வாங்க நாலு வார்த்தை காண்டனீஸ், சாலையில் போலீஸ் நிறுத்தினால் மரியாதையான மலாய், வேலை கேட்கப் போனால் ஆங்கிலம், காரை உரசிவிட்டு ஓடுகிறவனைத் திட்டத் தமிழ். இத்தனையையும் ஒரே நாக்கில் வைத்துக்கொண்டு வளர்ந்தவளிடம் ஐந்தாவதாக ஒன்று வருமா என்று கேட்டால், ‘போலே லா’ என்றுதான் வாயில் வரும். (முடியும் என்பதற்கு மலாய். இந்த நாட்டில் பாதி விபத்துகள் இந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கின்றன.) நானும் சொன்னேன். அதனால் ஒரு பெண் வேலையை இழந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வியட்நாமுக்குத் திரும்ப வேண்டிய நிலை வந்தது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. செந்தூல் அடுக்குமாடி வீட்டில் அம்மா, அண்ணன், நான். டிப்ளோமா முடித்து எட்டு மாதமாக வேலை இல்லை. கிள்ளானில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவுக்கு உதவியாளர் தேவை என்று போனேன். விண்ணப்பத் தாளில் ‘தெரிந்த மொழிகள்’ என்று ஐந்து கோடு போட்டிருந்தார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் எழுதியபிறகும் இரண்டு கோடு காலியாக இருந்தது. காலியாக எதையும் விட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. நாலாவதில் காண்டனீஸ் என்று எழுதினேன். தலையை நிமிர்த்தினால் சுவரெல்லாம் வியட்நாம் மொழி அறிவிப்பு. ஐந்தாவதில் வியட்நாமிஸ் என்று எழுதி, ‘நன்றாகப் பேசுவேன்’ என்று பக்கத்தில் ஒரு பொய்யும் போட்டேன்.

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. வேலை இல்லாத எட்டு மாதத்தில் ஒரு வியட்நாம் சரித்திரத் தொடரை அறுபது அத்தியாயமும் உட்கார்ந்து பார்த்து முடித்திருந்தேன். ராஜா நல்லவர், மந்திரி கெட்டவன், மூன்று அத்தியாயத்துக்கு ஒரு தடவை மக்கள் பொங்கி எழுவார்கள். கீழே ஆங்கிலத்தில் ஓடுவதைப் பார்த்து ஒரு நோட்டில் சொற்களை எழுதி வைத்தேன். கோய் ஙியா என்றால் எழுச்சி. நோய் யை என்றால் கிளர்ந்து எழுவது. நோய் லுவான் என்றால் அடங்க மறுப்பது. ஃபான் லுவான் என்றால் ராஜத்துரோகக் கலகம். இதைச் சொல்லும்போதெல்லாம் கெட்ட மந்திரி மேசையில் ஓங்கி அடிப்பான், அதனால் எனக்கு இந்தச் சொல் மேல் தனிப் பிரியம். ஆக, இன்னும் மூன்றையும் சேர்த்தால், கலகத்துக்கு மட்டும் எனக்கு ஏழு வார்த்தை தெரியும். சோப்புக்கு ஒன்று தெரியாது. குழாய்க்குத் தெரியாது. தலைவலிக்குத் தெரியாது. (ராஜாக்களுக்குத் தலை போகுமே தவிர வலிக்காது போல.)

நேர்காணல் செய்த மேனேஜர், “எங்கே, வியட்நாமிஸில் ஏதாவது பேசுங்கள்” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “மன்னா! வடக்கு வாசலில் கலகக்காரர்கள்!” என்று அந்த மொழியில் கணீரென்று சொன்னேன். அவருக்கு அது ‘காலை வணக்கம்’ மாதிரி கேட்டிருக்க வேண்டும். வெரி குட் என்று எழுதிக்கொண்டார். ஆறு மாதம் சோதனைக் காலம், அதன் பிறகு நிரந்தரம் என்று கடிதம் கொடுத்தார்கள். அம்மா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள்.

முதல் மூன்று மாதம் கண்டம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் முப்பது வியட்நாம் பெண்கள் இருந்தார்கள். கட்டில், அலமாரிப் பலகைகளை மணல்தாள் போட்டுத் தேய்ப்பது அவர்கள் வேலை. அவர்களில் மூத்தவள் ஹான். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். ஊரில் இரண்டு பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டு வந்தவள். மற்றவர்களுக்கு மலாய் சுத்தமாக வராது. ஹானுக்கு மட்டும் கொஞ்சம் வரும். ஏதாவது தேவை என்றால் அவள் வந்து இரண்டு சொல் மலாயில் கேட்பாள், நான் செய்து கொடுப்பேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்த வாரம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர் இல்லை. இது எங்களுக்குப் புதிதல்ல. எங்கேயோ குழாய் உடையும், பேட்டைக்குப் பேட்டை தண்ணீர் நிற்கும், லோரியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே முதல் நாள் சாயங்காலம் லோரி வந்தது. பாதி வரிசை நிற்கும்போதே டிரைவர் கிளம்பப் பார்த்தான். நான் இரண்டு வாளியையும் கீழே வைத்துவிட்டு லோரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். “எல்லாருக்கும் ஊத்திட்டுப் போ அண்ணே! இல்லாட்டி என் மேல ஏத்திட்டுப் போ!” என்று கத்தினேன். பின்னால் நின்ற ஆன்டிமார்கள் கைதட்டினார்கள். கடைசி வாளி நிரம்பியபிறகுதான் லோரியை விட்டேன்.

மறுநாள் காலை தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. பின்பக்கம் பெரிய தொட்டி இருந்தது. மனிதவள மேனேஜர் விடுப்பு. முதலாளி சுபாங் ஜெயாவில் தலைமை அலுவலகத்தில். என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், கேன்டீனில் முப்பது பெண்களும் வேலைக்குப் போகாமல் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாளி. முன்னால் ஹான். பின் வரிசையில் யாரோ ஒருத்தி பிளாஸ்டிக் குவளையால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். டொக், டொக், டொக்.

எனக்குத் தொடரின் பதினேழாவது அத்தியாயம் அப்படியே கண்ணில் வந்தது. அதிலும் இப்படித்தான் முரசு கொட்டுவார்கள்.

பேக்கிங் பகுதி சூப்பர்வைசர் செல்வம் அங்கிள் என் கதவில் எட்டிப் பார்த்தார். “என்னம்மா விஜி, வாளியோட நிக்கிறாளுங்க? குளிக்காம வந்திருக்காளுங்க போல இருக்கே.”

“நீங்க போங்க அங்கிள், இது வேற விஷயம். நான் பேசிக்கிறேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கேன்டீனுக்குப் போனேன். ஹான் இரண்டு கையையும் கூப்பாத குறையாக, “கக்காக், மிந்தா...” என்று ஆரம்பித்தாள். அக்கா, கேட்டுக்கொள்கிறோம் என்று மலாயில் அர்த்தம். அடுத்த ஒரு சொல்லைச் சொல்லவிட்டிருந்தால் ‘ஆயேர்’ என்றிருப்பாள். தண்ணீர். கதை அங்கேயே முடிந்திருக்கும், நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் நான் யார்? ஐந்து மொழிக்காரி. கையை உயர்த்தி அவளை நிறுத்தி, எனக்குத் தெரிந்த ராஜ பாஷையில், “பேசு மகளே!” என்றேன்.

ஹான் கண்ணை அகல விரித்தாள். முகம் அப்படி மலர்ந்தது. மலாயை அங்கேயே போட்டுவிட்டு அவள் தன் மொழியில் பேச ஆரம்பித்தாள் பாருங்கள், அடேயப்பா! நிறுத்தவே இல்லை. வாளியைக் காட்டினாள், தலைமுடியைப் பிடித்துக் காட்டினாள், பின்பக்கம் தொட்டி இருக்கும் திசையில் கையை நீட்டினாள். எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடியை நான் கொடுக்கவில்லை. தலையை ஆட்டினேன். அவள் மறுபடி ஏதோ கேட்டாள், கேள்வி என்று மட்டும் குரலில் தெரிந்தது. அதற்கும் ஆட்டினேன். மூன்றாவது தடவை மெதுவாக, என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அதற்கு நன்றாகவே ஆட்டிவிட்டு, முடிவுரையாக, “மன்னர் மக்களின் குரலைக் கேட்டுவிட்டார்” என்று அறிவித்தேன்.

 முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சந்தோஷமாகக் கூவிக்கொண்டு, வாளிகளைத் தூக்கிக்கொண்டு, என்னைத் தாண்டிப் பின்பக்கத் தொட்டியை நோக்கி ஓடினார்கள்.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடினார். பெண்கள் குழாயைத் திறந்துவிட்டார்கள், தரையெல்லாம் தண்ணீர், ஒரே கூச்சல். தொட்டியைக் கைப்பற்றிவிட்டார்கள் என்று என் மூளை எனக்குச் சொன்னது. அறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டு, முதலாளிக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அடித்தேன். வியட்நாம் தொழிலாளர்கள் எழுச்சியில் இறங்கியுள்ளனர், வேலை நிறுத்தப்பட்டுள்ளது, தொட்டி அவர்கள் வசம், தலைமை தாங்குவது ஹான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்ததைக் காட்ட வேண்டாமா? ‘அவர்கள் மொழியில் இதை ஃபான் லுவான் என்பார்கள்’ என்று வியட்நாம் எழுத்திலேயே, மேலே கீழே எல்லாப் புள்ளியும் கோடும் சரியாகப் போட்டு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் வாளிகள் நிரம்பின. பெண்கள் முகம் கழுவிக்கொண்டு, வாளிகளை ஓரமாக வரிசையாக வைத்துவிட்டு, அவரவர் இடத்துக்குப் போய்ப் பலகையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி ஒரு கலகத்தை நான் தொடரில் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைப்பதற்குள் முதலாளி போனில் வந்துவிட்டார்.

“விஜி, வெல் டன். நீ இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது” என்றார். என் மின்னஞ்சலை ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு அப்படியே அனுப்பிவிட்டாராம். கலகம் செய்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். சனிக்கிழமை விமானத்தில் ஹானை ஏற்றப் போகிறார்கள். “நாளைக்கு நீயே அவளைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ஏஜென்சிக்குப் போய்க் கையெழுத்து வாங்கிவிடு. உன் நிரந்தரக் கடிதத்தைச் சீக்கிரம் பார்க்கிறேன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், கடைசி வாக்கியம்தான் என் காதில் நின்றது.

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடமும் அண்ணனிடமும் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அண்ணன் மோகன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். முரசு, முற்றுகை எல்லாம் முடிந்ததும் வாயைத் திறந்தான்.

“வாளியோடவா வந்தாங்க?”

“ஆமா, முப்பது பேரும்.”

“அவங்க ஹாஸ்டல் எங்க இருக்கு?”

சொன்னேன்.

“அங்க நாலு நாளா தண்ணி இல்லடி. நான் அந்தப் பக்கம்தான் தினமும் போறேன். லோரி கூட உள்ள போகல. தண்ணி கேக்க வந்திருப்பாங்க, லூசு.”

அம்மா தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நான், “உனக்கு என்ன தெரியும், நீ என்ன வியட்நாமிஸ் படிச்சியா?” என்றேன்.

“நீதான் படிச்சியே, அவ என்ன சொன்னா? சொல்லு பாப்போம்.”

நான் தட்டைப் பார்த்தேன்.

“நேத்து கீழ லோரியை மறிச்சிக்கிட்டு நின்னியே, அதுக்கு என்ன பேரு போட்டு யாருக்கு எழுதறது?” என்றான். பிறகு சிரித்துக்கொண்டே கையைக் கழுவ எழுந்தவன், “அம்மா, நம்ம வீட்டுலயும் ஒரு கிராணி வந்தாச்சு” என்றான்.

அது விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் விளையாட்டுக்குக் கூடச் சொல்வதில்லை. கிராணி என்றால் ரப்பர் தோட்டத்து அலுவலக எழுத்தர். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் வராது, பால்மரம் வெட்டுகிற ஜனங்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நின்று இதை அங்கே, அதை இங்கே சொல்கிறவர் கிராணி. எங்கள் கொள்ளுத்தாத்தா கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க ஆறு பேரோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றிருக்கிறார். துரை என்னவென்று கேட்க, கிராணி ஒரே வரியில் சொன்னாராம், கலகம் பண்ண வந்திருக்கிறார்கள் என்று. அன்றைக்கே பிள்ளைகுட்டிகளோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் சொன்னதைத் திரித்து இன்னொருவரிடம் சொன்னால், ‘கிராணி வேலை பார்க்காதே’ என்றுதான் திட்டு விழும். துரையை யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

என் தட்டில் பாதித் தோசை அப்படியே இருந்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் கம்பெனி வேனில் ஹானும் நானும் பிரிக்பீல்ட்ஸ் போனோம். அவள் கட்டம் போட்ட நல்ல சட்டை போட்டிருந்தாள், தலை குளித்திருந்தாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. வழியெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். இடையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ஆரஞ்சைப் போலக் கசப்பான ஒன்றை நான் இதுவரை சாப்பிட்டதில்லை, அது நல்ல பழம்தான்.

ஏஜென்சி ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உள்ளே இருந்த அம்மாள் வியட்நாம்காரி, பெயர் மாய். நெற்றியில் குங்குமம், கையில் கண்ணாடி வளையல். என்னைப் பார்த்ததும், “வாம்மா, உக்காரு. சாப்ட்டியா?” என்றாள் தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்ன முழிக்கிறே? என் வீட்டுக்காரர் தமிழ்தான். கீழ பூக்கடை வச்சிருக்கார். பதினஞ்சு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன், பேசாட்டி வெண்டைக்கா கூட வாங்க முடியாது” என்றாள். பிறகு என் மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்ததை மேசையில் போட்டு, அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். “இது எங்க படிச்சே?”

“தொடர்ல, அக்கா.”

“அதான பாத்தேன். இதை நாங்க வீட்டுல பேச மாட்டோம்மா. இது ராஜா பேசறது. இதைச் சொல்லிட்டு அடுத்து தலைய வெட்டுவான். எதிர்த்து நின்ன அதே ஆளை ஜனங்க என்ன சொல்வாங்க தெரியுமா? கோய் ஙியா பண்ணவர்னு சொல்வாங்க. அதுல நியாயம்னு ஒரு சொல் உள்ள இருக்கு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுப்பாங்க, தெருவுக்கெல்லாம் அவங்க பேரு வைப்பாங்க. ஆளு ஒருத்தர்தான். யாரு எழுதறாங்கன்றதுதான் வித்தியாசம்.”

என் மூளையில் விளக்கு எரிந்தது. தப்பான விளக்கு. “அப்படின்னா அக்கா, அந்த ஒரு சொல்லை மட்டும் மாத்தி, கோய் ஙியான்னு போட்டு ஒரு திருத்தம் அனுப்பிடலாமா? எழுத்துப் பிழைன்னு சொல்லிடலாம்.”

மாய் அக்கா என்னையே பார்த்தாள். “ஏம்மா, கலகக்காரியா இருந்தவளை இப்ப தேசத் தலைவி ஆக்கப் போறியா? உன் முதலாளி தலைவியைக் கட்டில் தேய்க்க வச்சுக்குவாரா?”

அப்புறம் ஹான் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் பேசினாள். ஹானின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. சனிக்கிழமை, விமானம் என்பதெல்லாம் அப்போதுதான் அவளுக்குத் தெரிய வருகிறது. அவள் அழவில்லை, கத்தவில்லை. என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். எனக்கு வழக்கம்போல ஒன்றும் புரியவில்லை, ஆனால் தலையாட்டவில்லை.

மாய் அக்கா தமிழில் சொன்னாள். “நாலு நாளா ஹாஸ்டல்ல தண்ணி இல்ல. கம்பெனித் தொட்டியில ஆளுக்கு ஒரு வாளி பிடிச்சுக்கட்டுமான்னு உன்கிட்ட கேட்டாளாம். வேலைக்கு லேட் ஆகுமே, பரவால்லையான்னு ரெண்டாவது கேட்டாளாம். யாரும் திட்ட மாட்டாங்களே, நிச்சயம்தானேன்னு மூணாவது தடவை கேட்டாளாம். மூணுக்கும் நீ தலையாட்டினியாம்.”

“ஆமா, அக்கா.”

“இன்னொண்ணும் சொல்றா. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து அவ பேசினதை யாருமே முழுசா கேட்டதில்லையாம். நேத்துதான் ஒரு ஆள் கேட்டுச்சுன்னு ஊருக்கு போன் போட்டு தங்கச்சிகிட்ட சொன்னாளாம்.”

கீழே சேலைக்கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. நான் ஹானைப் பார்க்க முடியாமல் மாய் அக்காவின் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்றால் என்ன என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெட்கமே இல்லை.

“நான் சொன்னா உன் முதலாளி கேக்க மாட்டார். ஏஜென்ட் ஆள் பக்கம் பேசறான்னு நினைப்பார்” என்று மாய் அக்கா போனை என் பக்கம் தள்ளினாள். “நீ சொல்லணும்.”

போன் ஒலிபெருக்கியில் போட்டிருந்தது. முதலாளி, “யெஸ் விஜி, கையெழுத்தாயிற்றா?” என்றார். நிரந்தரக் கடிதம், அம்மா, சாமி படம் எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்தன. கடைசியில் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே சிரித்ததும் வந்தது.

“சார், எனக்கு வியட்நாமிஸ் தெரியாது” என்றேன்.

“என்ன?”

“தெரியாது சார். ஒரு வார்த்தையும் தெரியாது. கலகத்துக்கு மட்டும் ஏழு வார்த்தை தெரியும். அவர்கள் தண்ணீர் கேட்டார்கள் சார். எனக்குப் புரியவில்லை, ஆனால் தலையாட்டினேன். நான் தலையாட்டியதால்தான் தொட்டிக்குப் போனார்கள். அனுமதி கொடுத்தது நான்தான். ஹான் எந்தத் தப்பும் செய்யவில்லை.”

 முதலாளி, “உனக்கு உண்மையிலேயே என்னென்ன மொழி தெரியும்?” என்று கேட்டார்.

“தமிழ், மலாய், ஆங்கிலம் சார்.”

“காண்டனீஸ்?”

“மீன் வாங்கலாம் சார்.”

“நல்லது. இதில் எந்த மொழியில் உன்னைத் திட்டட்டும், நீயே சொல்” என்றார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் மூன்றிலுமே திட்டினார். கடைசியில் காண்டனீஸிலும் திட்டினார், அதில் மீன் எதுவும் வரவில்லை. எல்லாம் முடிந்தபின் மாய் அக்காவிடம், அந்த விமானச் சீட்டை ரத்து செய்யுங்கள், ஹாஸ்டலுக்கு லோரி அனுப்பச் சொல்கிறேன் என்றார்.

மாய் அக்கா அதை மொழிபெயர்த்தாள். ஹான் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். நான் மலாயில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, மன்னிப்புக் கேட்டேன்.  பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. “கக்காக், லைன் காலி சக்காப் திடாக் தாவ்” என்றாள். அக்கா, அடுத்த தடவை தெரியாது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். திரும்பும்போது வேனில் ஆரஞ்சு கிடைக்கவில்லை.

என் வேலை போகவில்லை. ஆனால் மனிதவளத்திலிருந்து தூக்கி ஸ்டோரில் போட்டார்கள். முகமூடி போட்டுக்கொண்டு மணல்தாளும் பசையும் எடுத்துக் கொடுக்கும் வேலை. அது எனக்கு வந்த பெரிய அதிர்ஷ்டம் என்று அப்போது தெரியவில்லை. வியட்நாம் பெண்கள் மணல்தாள் வாங்க என்னிடம்தான் வர வேண்டும். முதல் இரண்டு வாரம் ஹான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டி, அதன் பெயரைச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். வாளி. அடுத்த நாள் குழாய். அதற்கடுத்து சோப்பு, பசி, தலைவலி, போதும், வலிக்கிறது, கொஞ்சம் பொறு. நான் தப்பாகச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மற்றவர்களுக்கு நான் கேன்டீனில் நுழைந்தாலே கொண்டாட்டம். எல்லோரும் எழுந்து நின்று, ‘மன்னர் மக்களின் குரலைக் கேட்டுவிட்டார்’ என்று ஒரே குரலில் கத்துவார்கள். மூன்று வருடம், ஹான் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும் நாள் வரை, அந்தக் கச்சேரி நிற்கவில்லை. அவள் போனபோது நான் அவளுடைய மொழியில் ஐந்து வாக்கியம் பேசினேன். ஒன்றிலும் ராஜா இல்லை.

ஆனால் வீட்டில் இது வேறு மாதிரி தங்கிவிட்டது. அண்ணன் இந்தக் கதையைக் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் சொல்லிச் சொல்லி, காது கொடுக்காமல் தலையாட்டுவதற்கு எங்கள் குடும்பத்தில் ‘வியட்நாம் ஆட்டறது’ என்றே பெயர் வந்துவிட்டது. டாக்டர் சொன்னதற்கு அம்மா தலையாட்டினால், “வியட்நாமா, நிஜமா?” என்று அண்ணன் கேட்பான். என்னைப் பெண் பார்க்க வந்தவர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதைப் பார்த்து, “மாப்பிள்ளை வியட்நாம் ஆட்டறாரு, ஜாக்கிரதை” என்று அடுப்படியில் எச்சரித்தான். (சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். பத்து வருடமாகப் பார்க்கிறேன்.)

போன வாரம் நான் சோபாவில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள், எட்டு வயது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தோழி ஒருத்தி இடம் மாறி உட்கார்ந்துவிட்டாளாம், ரெஸ்ட் நேரத்தில் யாரும் இவளோடு சாப்பிடுவதில்லையாம். நான் ம்ம், ம்ம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“அம்மா, வியட்நாமா?” என்றாள்.

போனைத் தூர வைத்தேன்.

“ஆமாண்டா. வியட்நாம்தான். அம்மாவுக்கு ஒண்ணுமே புரியல” என்றேன். “முதல்லேருந்து சொல்லு.”